கேம் போட்டால் லப்டொப் நிக்குது, போர்ட் போயிட்டுதோ?

கேள்வி: அண்ணை வணக்கம். நான் கோண்டாவில், ஏஎல் எடுத்துப்போட்டு வீட்டில இருக்கிறன். கனடாவில இருக்கிற மாமா தான் பாவிச்ச கேமிங் லப்டொப்பைப் போன முறை வரேக்க கொண்டந்து தந்தவர். சிபியு கோர் ஐ7 11800எச், கிராபிக்ஸ் ஆர்டிஎக்ஸ் 3060. படம் பாக்க, படிக்க ஒரு பிரச்சினையும் இல்ல. கேம் போட்டால் மட்டும் 15, 20 நிமிசத்தில சிலநேரம் கேம் தானா மூடுப்பட்டு டெஸ்க்டொப்புக்கு வருது, சிலநேரம் லப்டொப்பே டக்கெண்டு நிண்டு போகுது, அதுவும் பின்னேரத்தில கூட. ரெண்டு தரம் ஃபோமட் அடிச்சாச்சு. கடையில காட்டினால் மதர்போர்ட் போயிட்டுது, கிராபிக்ஸ் சிப்பைக் கழட்டித் திருப்பி ஒட்டோணும் எண்டு சொல்லினம். இன்டெல் சிப்புகள் தானாப் பழுதாகுது எண்டு நெட்டிலயும் பாத்தன். வித்துப்போடட்டோ? மற்றது, ராம் முந்தி 8 ஜிபி, இஞ்ச இன்னொரு 8 வாங்கிப் போட்டனான். சாஜர் கனடாப் பிளக், கொன்வேட்டர் போட்டு மல்டிபிளக்கில குத்தியிருக்கிறன்.

பதில்:

தம்பி, இப்போதைக்கு விக்கவும் வேண்டாம், சிப்பைக் கழட்டவும் விடாதேங்கோ. கடைசியில போறபோக்கில எழுதின அந்த ரெண்டு வரியைத்தான் நான் திருப்பித் திருப்பி வாசிச்சனான், ராமும் கனடாப் பிளக்கும். அதுக்குப் பிறகு வாறன்.

உங்களுக்கு இருக்கிறது ரெண்டு பழுது எண்டுதான் எனக்குப் படுது, ரெண்டையும் ஒண்டாப் போட்டுப் பாத்ததாலதான் கடைக்காரருக்கும் பிடிபடேல்ல, உங்களுக்கும் பிடிபடேல்ல. கேம் மட்டும் மூடுப்பட்டு விண்டோஸ் அப்பிடியே ஓடிக்கொண்டிருக்குதெண்டால் அது ஒரு விதம். ஸ்கிரீன் கறுத்து, கீபோட் லைட் அணைஞ்சு, ஃபான் சத்தமும் நிண்டு மிசின் முழுசாப் படுக்குதெண்டால் அது வேற விதம். புளூ ஸ்கிரீன் வாறது மூண்டாவது, அது உங்களுக்கு வரேல்லப் போல, வந்தால் அதில கீழ இருக்கிற பேரை ஃபோனில ஒரு படம் எடுத்து வையுங்கோ. என்னட்டை லப்டொப் கொண்டுவாற ஆக்கள் எல்லாரும் "அண்ணை, கேமில நிக்குது" எண்டுதான் சொல்லுவினம், எப்பிடி நிக்குது எண்டு கேட்டால் முழிப்பினம். அதிலதானே முக்கால்வாசி விடை கிடக்கு.

ஃபோமட் அடிச்சது வீண் எண்டில்ல. புது விண்டோஸிலயும் அதே மாதிரி நிக்குதெண்டால் விண்டோஸில பிழை இல்லை எண்டு அனேகமாத் தெரிஞ்சிட்டுது. மிஞ்சினது ஹாட்வெயார், இல்லாட்டி ஃபோமட் அடிச்ச கையோட நீங்கள் திருப்பிப் போடுற அதே சாமான்கள், அதே ட்ரைவர், பென்ட்ரைவில வச்சிருக்கிற அதே கேம். அதால மூண்டாந்தரமும் அடிக்கிற யோசினை இருந்தால் விடுங்கோ.

முதல்ல முழுசாப் படுக்கிற விசயத்தைப் பாப்பம். ஒண்டில் கரண்ட் வரத்து, இல்லாட்டிச் சூடு.

கனடாவில 120 வோல்ட், இஞ்ச 230. பிரிக்குக்கு, அதுதான் சாஜரின்ர நடுவில இருக்கிற பெட்டிக்கு, அது பிரச்சினை இல்ல, அதின்ர லேபிளில இன்புட் 100 முதல் 240 வோல்ட் எண்டு இருக்கும், ஒருக்காப் பாத்து உறுதிப்படுத்துங்கோ. அப்பிடி இருக்குதெண்டால் பின்னேரத்தில வோல்டேஜ் குறைஞ்சுதான் நிக்குது எண்டு ஆராவது சொல்லி ஸ்டபிலைசர் வாங்க ஓடாதேங்கோ, 180 வோல்டுக்கு இறங்கினாலும் அந்தப் பிரிக் ஒரு சத்தமும் இல்லாமல் வேலை செய்யும். பிழை இருந்தால் அது பிரிக்குக்கும் சுவருக்கும் நடுவிலதான். தட்டைப் பின் இருக்கிற கனடா வயர், அதில ஒரு மலிவுக் கொன்வேட்டர், அது போய் மல்டிபிளக்கில, அதே மல்டிபிளக்கில காத்தாடியும் ரவுட்டரும் ஃபோன் சாஜரும். கொன்வேட்டருக்குள்ள பின்னைப் பிடிக்கிற தகடு கழட்டிக் கழட்டிக் குத்த இளகிப்போகும். படம் பாக்கேக்க லப்டொப் இழுக்கிறது சொற்பம், அதுக்கு இளகின தொடுப்பும் காணும். கேம் போட்டால் கதை வேற, லப்டொப்பில வாற ஆர்டிஎக்ஸ் 3060 தனியவே 115 வாட் வரைக்கும் எடுக்கும், சில மொடலில அதுக்கு மேலயும், உங்கட சிபியுவுக்கு 45 வாட் எண்டு பேர்தான், பூஸ்ட் அடிக்கேக்க அதைத் தாண்டிப் போகும். அவ்வளவும் அந்த இளகின தகட்டுக்குள்ளாலதான் வரோணும். ஒரு கணம் தொடுப்பு விட்டுதெண்டால் லப்டொப் உடன பற்றரிக்குத் தாவும், நல்ல பற்றரியெண்டால் தாங்கிப் பிடிக்கும், உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. மாமா கனகாலம் பாவிச்ச பற்றரி அந்த இழுவையைத் தாங்காமல் வோல்டேஜ் விழும், மிசின் அந்த இடத்திலயே படுக்கும். திருப்பிப் போட்டால் ஒண்டும் நடக்காத மாதிரி எழும்பும்.

கொஞ்சநேரம் விளையாடிப்போட்டு, சுவரில சுவிட்சை நிப்பாட்டிப்போட்டு, அந்தக் கொன்வேட்டரைக் கழட்டிக் கையில எடுத்துப் பாருங்கோ. சுடுதோ? பின் நுழையிற ஓட்டையைச் சுத்திப் பிளாஸ்டிக் மஞ்சளாகியோ கறுத்தோ இருக்குதோ? இருந்தால் வேற சாட்சி தேவையில்ல, அதைக் குப்பையில போடுங்கோ. பிரிக்கில குத்துற வயர் தனியாக் கழண்டு வரும், அதைக் கையோட கொண்டுபோய்க் காட்டி அதே தலையும் மற்றப் பக்கம் உள்ளுக்கு ஃபியூஸ் உள்ள 13 அம்பியர் சதுரப்பின்னும் இருக்கிற வயர் வாங்குங்கோ. பெரிய பிரிக் எண்டால் அனேகமா டெஸ்க்டொப்புக்குக் குத்துற அதே வயர்தான், கஸ்தூரியார் வீதிப் பக்கம் எந்தக் கொம்பியூட்டர் கடையிலயும் இருக்கும். சில மொடலுக்குச் சின்னத் தலை, அதுக்குத்தான் வயரைக் கொண்டுபோகச் சொன்னது. பழைய வயரில 125 வோல்ட் எண்டு அச்சடிச்சிருந்தால் அதை இஞ்ச பாவிக்கிறதே கூடாது. எர்த் இல்லாத ரெண்டு பின் கொன்வேட்டர் எண்டால் இன்னொரு அடையாளமும் இருக்கும், லப்டொப்பின்ர உலோகப் பக்கத்தில கையைத் தேய்க்கேக்க மெல்லிசா விறுவிறு எண்டும். அதுவும் புது வயரோட போயிடும், வீட்டுச் சொக்கெட்டில எர்த் சரியா இருந்தால்.

புது வயரை நேரா சுவர்ச் சொக்கெட்டிலயே குத்துங்கோ. மல்டிபிளக்கை ரவுட்டருக்கு விடுங்கோ.

பிரிக்கைக் கையில எடுத்த நேரத்தில அவுட்புட் வரியையும் பாருங்கோ. வோல்ட்டையும் அம்பியரையும் பெருக்கினால் வாட், 20 வோல்ட் 11.5 அம்பியர் எண்டால் 230 வாட். உங்கட மொடலுக்கு அந்தளவுதான் வந்திருக்கோணும், சிலதுக்கு 180 அல்லது 200. பெருக்கிப் பாக்க 90, 120 எண்டு வந்தால் அது இந்த லப்டொப்போட பிறந்த சாஜர் இல்ல, மாமா வீட்டில வேற லப்டொப்பின்ர சாஜர் மாறி வந்திருக்கு. வெளிநாட்டுப் பெட்டி கட்டேக்க இது அடிக்கடி நடக்கிறது.

பற்றரியின்ர நிலைமையை விண்டோஸே சொல்லும். கொமாண்ட் புறொம்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி, ஒரு இடைவெளி, ஒரு சரிவுக்கோடு, பற்றரிரிப்போட் எண்டு இங்கிலீசில அடியுங்கோ (powercfg /batteryreport), ஒரு ஃபைல் எழுதித் தரும். அதில டிசைன் கப்பாசிட்டி எண்டும் ஃபுல் சார்ஜ் கப்பாசிட்டி எண்டும் ரெண்டு கணக்கு இருக்கும், ரெண்டாவது முதலாவதின்ர பாதிக்குக் கிட்ட வந்திட்டுதெண்டால் பற்றரி மாத்தவேண்டிய வயசு. அடிப்பக்க மூடி வீங்கின மாதிரி, டச்பாட் மேல தள்ளின மாதிரி இருந்தால் கணக்கே பாக்காதேங்கோ, பாவிக்கிறதை நிப்பாட்டிப்போட்டு உடன கழட்டக் குடுங்கோ, அது நெருப்பு விசயம்.

இனிச் சூடு. உங்கட சிபியு 100 டிகிரி வரைக்கும் போக இன்டெல் விட்டிருக்குது, அதைத் தொட்டால் தன்ர வேகத்தைத் தானே குறைக்கும், அதையும் தாண்டினால் தன்னைக் காப்பாத்தக் கரண்டை வெட்டிப்போடும். என்விடியாவின்ர கிராபிக்ஸ் சிப் அதுக்கு முந்தியே, 87 டிகிரிக்குக் கிட்டவே குறைக்கத் தொடங்கிடும். கேம் முதல்ல வழுக்கிக்கொண்டு ஓடிப் பேந்து இழுத்து இழுத்து ஓடி அதுக்குப் பிறகு நிக்குதெண்டால் சூட்டைச் சந்தேகப்படுங்கோ. இழுவையே இல்லாமல் நல்லா ஓடிக்கொண்டிருக்கேக்க டக்கெண்டு படுக்குதெண்டால் நான் முந்திச் சொன்ன பிளக்.

கோண்டாவில் செம்பாட்டு மண், உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. சோளகம் வீசுற காலத்தில ஜன்னலைத் திறந்துபோட்டுக் கட்டில் மெத்தையில வச்சு விளையாடினால் அடியில காத்து இழுக்கிற ஓட்டை எல்லாம் மெத்தையோட ஒட்டி மூடுப்பட்டுப் போகும், மிச்ச ஓட்டையால புழுதி போகும். வெளியில இருந்து டோர்ச் அடிச்சுப் பாத்தால் ஃபான் சுத்தமாத்தான் தெரியும், அதை நம்பாதேங்கோ. மூடியைக் கழட்டி ஃபானையும் தூக்கினால்தான், ஃபானுக்கும் அந்தச் செப்புத் தகடுகளுக்கும் நடுவில, புழுதியும் தலைமயிரும் மெத்தைப் பஞ்சும் சேர்ந்து சிவப்புக் கம்பளித் துண்டு மாதிரி ஒரு படை இருக்கும், விரலால பிடிச்சு இழுக்க அப்பிடியே முழுசாக் கழண்டு வரும். அது இருக்கும்வரைக்கும் நீங்கள் கூலிங் பாட் வாங்கி அடியில வச்சும் பிரயோசனம் இல்ல, காத்து உள்ளுக்கு வந்தாலும் வெளியில போக வழியில்லை.

நீங்களே கழட்டுறதெண்டால் மூடியைத் திறந்த உடன முதல் வேலை பற்றரி வயரைப் போர்ட்டில இருந்து விடுவிக்கிறது. காத்தடிக்கேக்க ஃபானைச் சுத்த விடாமல் ஒரு ஈர்க்கால பிடியுங்கோ. மோட்டச்சைக்கிள் கழுவுற இடத்துக் கொம்பிரஸருக்குக் கொண்டுபோகாதேங்கோ, அந்தக் காத்தோட தண்ணியும் சேர்ந்து வரும், இதைச் செய்துபோட்டு வாற ஆக்கள் இருக்கினம். சிப்புக்கு மேல சூடு கடத்தப் பூசுற பேஸ்டை மாத்துறதெண்டால் கடையில ஒண்டு கேளுங்கோ: இந்த மொடலில லிக்விட் மெட்டல் இருக்குதோ எண்டு. ஆசூஸின்ர ஆர்ஓஜி வரிசையில அது வாறது, அது கரண்ட் கடத்துற சாமான், சாதாரண பேஸ்ட் எண்டு நினைச்சுத் துடைச்சு வழிய விட்டால் அப்பதான் உண்மையாவே போர்ட் போகும். கேள்வி விளங்காமல் முழிக்கிற கடையில குடுக்காதேங்கோ.

சரி, பிளக்கோ சூடோ எண்டு எப்பிடிப் பிரிச்சு அறியிறது? எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) எண்டு ஒரு இலவச சொப்ட்வெயார் இருக்கு, அதில சென்சர் பக்கத்தைத் திறந்தால் கீழ லொக் எழுதுற பொத்தான் இருக்கும். அதை அமத்திப்போட்டுக் கேமைத் தொடங்குங்கோ. ஒவ்வொரு ரெண்டு செக்கனுக்கும் ஒரு வரி ஃபைலில எழுதிக்கொண்டே இருக்கும், மிசின் நிண்டாலும் அதுவரைக்கும் எழுதினது கிடக்கும். பிறகு அந்த ஃபைலை எக்செலில திறந்து கடைசி அஞ்சாறு வரியைப் பாருங்கோ. சிபியு 97, 99, 100 எண்டு முட்டிக்கொண்டு நிண்டு அதோட முடிஞ்சிருந்தால் சூடு. 75, 78 எண்டு சாதாரணமா இருந்து அப்பிடியே முடிஞ்சிருந்தால் கரண்ட் வரத்து, அதோட கடைசி வரிகளில பற்றரி சார்ஜ் இறங்கத் தொடங்கியிருந்தால் இன்னும் நிச்சயம். ஈவண்ட் வியூவரில கேர்னல் பவர் 41 எண்டு சிவப்பாக் கிடக்கும், நெட்டில அதைத் தேடி ஆயிரம் வைத்தியம் வாசிப்பீங்கள், அது ஒழுங்கா நிப்பாட்டாமல் நிண்டிட்டுது எண்டு மட்டுந்தான் சொல்லுது, ஏன் எண்டு சொல்லாது.

ஒரு காசும் செலவில்லாத சோதனையும் இருக்கு. என்விடியா கொன்ட்ரோல் பனலில மக்ஸ் ஃபிரேம் ரேட்டை, அதாவது செக்கனுக்கு எத்தினை படம் எண்ட கணக்கை, 60 இல கட்டுங்கோ. இழுவையும் சூடும் ரெண்டும் இறங்கும். அப்பிடி வச்சு மணிக்கணக்கா நிக்காமல் ஓடுதெண்டால் சிப் செத்திட்டுது எண்டு சொன்னது பொய்யாப் போச்சு, பாரம் தாங்காமல்தான் நிண்டது.

அடுத்தது கேம் மட்டும் மூடுப்படுற விசயம். இதில என்ர முதல் சந்தேகம் நீங்கள் போட்ட ராம். போட்டதுக்கு முந்தி இப்பிடி மூடுப்பட்டதோ எண்டு யோசிச்சுப் பாருங்கோ. உங்கட சிபியுவுக்குப் போறது டிடிஆர்4 எண்ட வகை ராம், வேகம் 3200 வரைக்கும். வேகம் குறைஞ்சது போட்டாலும் ரெண்டும் குறைஞ்ச வேகத்தில ஓடும், அது பிழை இல்ல, ஆனா பழுதான துண்டோ மற்றதோட ஒத்துப்போகாத துண்டோ போட்டால் படம் பாக்கேக்க ஒண்டும் தெரியாது, கேம் வந்து ராமை நிரப்பேக்கதான் பல்லிளிக்கும். புதுசைக் கழட்டி வச்சுப்போட்டுப் பழைய 8 ஓட ரெண்டு மூண்டு நாள் விளையாடுங்கோ, செட்டிங்கைக் குறைச்சு. மூடுப்படேல்லயெண்டால் கடையில மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்கோ. இல்லாட்டி ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 ஐப் பென்ட்ரைவில போட்டு இரவில ஓட விடுங்கோ, நாலு சுத்தும் முடியோணும், ஒரே ஒரு எரர் வந்தாலும் அது பழுதுதான், "ஒண்டுதானே" எண்டு விடாதேங்கோ.

ஸ்டார்ட்டில ரிலையபிலிட்டி எண்டு தேடினால் நாள்வாரியா ஒரு பட்டியல் வரும், கேம் மூடுப்பட்ட நாளில சிவப்புப் புள்ளடி. அதைத் திறந்தால் ஃபோல்ட் மொடியூல் எண்டதுக்கு நேரா, பிழை விட்ட ஃபைலின்ர பேர் இருக்கும். ஒவ்வொரு முறையும் வேற வேற பேர் எண்டால் ராம் பக்கம் சாயுங்கோ. எப்பவும் என்விடியாவின்ர ஃபைல் எண்டால் ட்ரைவர். கிராபிக்ஸ் சிப் 2 செக்கனுக்குள்ள பதில் சொல்லாட்டி விண்டோஸ் அதை இழுத்து மறுபடி தொடக்கும், விண்டோஸ் தப்பும், கேம் தப்பாது. டிடியு (DDU) எண்ட சொப்ட்வெயாரை சேஃப் மோடில போட்டு பழைய ட்ரைவரை அடியோட வழிச்செடுத்துப்போட்டு, நெட்டைக் கழட்டி வச்சுக்கொண்டு, ஏற்கெனவே இறக்கி வச்ச புது ட்ரைவரைப் போடுங்கோ, நெட் இருந்தால் விண்டோஸ் தன்ர பாட்டில ஒரு பழைய ட்ரைவரைக் கொண்டந்து செருகிப்போடும். அதுக்கு முதல் ஒரு முக்கிய விசயம், விண்டோஸ் 11 இல மைக்ரோசொஃப்ட் கணக்கால உள்ளுக்குப் போறனீங்களெண்டால் டிஸ்க் பூட்டுப்பட்டிருக்கலாம், சேஃப் மோட் கேக்கேக்க 48 இலக்கச் சாவி கேட்டு நிக்கும். அந்தச் சாவி எந்தக் கணக்கால உள்ளுக்குப் போனதோ அந்தக் கணக்கிலதான் இருக்கும், மாமாவின்ர கணக்கெண்டால் கனடாவில ஆக்கள் நித்திரையால எழும்புமட்டும் காவல் இருக்கோணும். முன்கூட்டியே எடுத்துக் கொப்பியில எழுதுங்கோ.

கேம் எங்கயிருந்து எடுத்தனீங்கள் எண்டு நீங்கள் எழுதேல்ல, நானும் கேக்கேல்ல. ஆனா கிராக் அடிச்ச கேமை வச்சு லப்டொப்பைச் சோதிக்க ஏலாது, அதில ஆன்டிவைரஸ் ஒரு ஃபைலைத் தூக்கியிருக்கும், இல்லாட்டி உடைச்சவன் அரைகுறையா உடைச்சிருப்பான், நிக்கிறது கேமோ மிசினோ எண்டு ஆருக்கும் தெரியாது. ஸ்டீமில கவுண்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 ரெண்டும் இலவசம், ஒண்டை இறக்கி அதில பாருங்கோ. அதில நிக்கேல்லயெண்டால் உங்கட பழுது அந்தப் பென்ட்ரைவிலதான் இருக்கு. டிஸ்கோர்ட், ஆஃப்டர்பேர்னர் மாதிரிக் கேமுக்கு மேல எழுத்துக் காட்டுறதுகளையும் சோதிக்கேக்க நிப்பாட்டி வையுங்கோ.

இன்டெல் விசயம் உங்களுக்குப் பொருந்தாது. 2024 இல பெரிசாக் கதைச்சது டெஸ்க்டொப்பில வாற 13ஆம், 14ஆம் தலைமுறைச் சிப்புகளைப் பற்றி, வோல்டேஜ் கூடப் போய்ப் பழுதானது, இன்டெல் மைக்ரோகோட் எண்ட திருத்தம் விட்டு வாரண்டியையும் ரெண்டு வருசம் கூட்டினது. உங்களிட்ட இருக்கிறது 11ஆம் தலைமுறை, லப்டொப் சிப்.

கடைக்காரர் சொன்னதையும் முழுசாத் தள்ள ஏலாது. படம் பாக்க நல்லா இருக்குது எண்டது கிராபிக்ஸ் சிப்புக்கு நற்சாட்சி இல்ல, ஏனெண்டால் படம் பாக்கேக்க அனேகமா இன்டெலின்ர உள்ளிருக்கிற கிராபிக்ஸ்தான் வேலை செய்யும், என்விடியா நித்திரை கொள்ளும். ஆனா சிப் சாகத் தொடங்கினால் அதுக்கு அடையாளம் இருக்கும், கேமில சதுரம் சதுரமா நிறம் தெறிக்கும், கோடு விழும், டிவைஸ் மனேஜரில கோட் 43 எண்டு மஞ்சள் அடையாளம் காட்டும். நீங்கள் அப்பிடி ஒண்டும் எழுதேல்ல. அவையிட்ட எதை வச்சு அந்த முடிவுக்கு வந்தனீங்கள் எண்டு கேளுங்கோ, அளந்து பாத்த ஆள் எண்டால் சொல்லுவார். சிப்பைச் சூடாக்கித் திருப்பி ஒட்டுறது அனேகமாக் கொஞ்சக் காலம் தாங்கும், திருப்பியும் வரும், அந்தக் காசுக்கு நல்ல பற்றரி ஒண்டும் வயரும் கிளீனிங்கும் முடிச்சு மிச்சமும் வரும்.

பயோஸ், அதுதான் மிசின் எழும்பேக்க முதல்ல ஓடுற சொப்ட்வெயார், அதை அப்டேட் செய்யச் சொல்லியும் ஆராவது சொல்லுவினம். பற்றரி விசயம் தெளியுமட்டும் அதில கை வைக்காதேங்கோ, நடுவில கரண்ட் போனால் இப்ப இல்லாத போர்ட் பழுது அப்ப வந்திடும்.

வயரை இண்டைக்கே மாத்துங்கோ, ராமைக் கழட்டுறதும் அரை மணித்தியால வேலைதான். ஆனா ரெண்டையும் ஒரே நாளில செய்யாதேங்கோ, எது சரிப்படுத்தினது எண்டு பிறகு தெரியாது. அதுக்குப் பிறகும் நிண்டால் அந்த லொக் ஃபைலையும் பற்றரி ரிப்போட்டையும் எனக்கு அனுப்புங்கோ, ஸ்கிரீனை ஃபோனால படம் எடுத்து அனுப்பாமல் ஃபைலாவே அனுப்புங்கோ.